கடற்கரை ஊர்களின் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி வரை கணினிப் பயிற்சி மையம் நடத்திவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு, வணக்கம்.

நான் தங்கச்சிமடத்தில் இ-சேவை மையம் நடத்திவருகிறேன். உங்களிடம் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள்தான் என் மையத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய தட்டச்சில் குறை இல்லை. எக்செல்லில் கணக்குப் போடவும், வேர்டில் கடிதத்தை ஒழுங்காக அமைக்கவும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் திரையில் ஐந்தாறு சாளரங்கள் (விண்டோக்கள்) ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது, எது எங்கே இருக்கிறது என்று அறிந்து, வேண்டியதை முன்னால் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பும் பழக்கம் பெரும்பாலோரிடம் இல்லை. அதைத் தனிப் பாடமாக, பயிற்சியின் முதல் வாரத்திலேயே வையுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் கவுண்டரில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால் என் கவலை புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், கடலுக்குப் போகும்போது ஒத்திப்போட்ட வேலைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு மக்கள் வருகிறார்கள். அதே நாட்களில்தான் தேர்வு முடிவு வந்து, கல்லூரிச் சேர்க்கைக்காக வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று கேட்டுப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருடைய விண்ணப்பத்துக்கு மட்டும் இ-சேவைப் பக்கம், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆவணங்கள், ஸ்கேன் செய்தவை இருக்கும் ஃபோல்டர், கோப்பின் அளவைக் குறைக்கும் மென்பொருள், அச்சுக்கான சாளரம் என்று எல்லாம் திறந்தாக வேண்டும். நடுவில் ஓ.டி.பி. வேண்டும், அந்த எண்ணுள்ள கைபேசியோ நாட்டுப்படகில் போன மகனிடம் இருக்கும். அவர் கரைக்கு வரும்வரை அடுத்தவருடைய வேலையைத் தொடங்காமல் வரிசையை நிறுத்திவைக்க முடியாது.

இந்த நிலையில் புதிதாக வரும் பிள்ளை என்ன செய்கிறது என்று அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஆதார் நகலைப் பார்ப்பதற்காக, பாதி நிரப்பிய விண்ணப்பத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுகிறது. நகலைப் பார்த்துவிட்டு மீண்டும் பக்கத்தைத் திறந்து, உள்நுழைந்து, முதலிலிருந்து நிரப்புகிறது. சாளரத்தைச் சிறிதாக்கினால் அது எங்கோ போய்விடும் என்ற பயம்தான் இதற்குக் காரணம். திரையின் அடியில் உள்ள பட்டையான டாஸ்க்பாரில் அது காத்திருக்கிறது என்பதை யாரும் அந்தப் பிள்ளைக்குச் செய்து காட்டியிருக்கவில்லை.

இந்தப் பயம் புதிதல்ல. விண்டோஸ் 3.1 காலத்தில் சிறிதாக்கிய சாளரம் ஒரு சிறு படமாகத் திரையின் அடியில் போய் உட்காரும். அதன்மேல் வேறொரு சாளரம் வந்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. 1995இல் வந்த விண்டோஸ் 95தான், திறந்திருப்பவை அனைத்தும் எப்போதும் கண்முன் இருக்கும்படி டாஸ்க்பாரைக் கொடுத்தது. அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே தீர்வு கண்ட ஒரு சிக்கலில் நம் பிள்ளைகள் இன்னும் மாட்டிக்கொண்டு நிற்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தினால் சாளரம் மாறும் என்று நீங்கள் சொல்லித்தராமல் இல்லை. குறுக்குவிசைப் பட்டியலில் ஒரு வரியாக அது இருக்கிறது. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கைச் சொல்லுங்கள். கடைசியாகப் பயன்படுத்திய சாளரம் முதலில் வரும் வரிசையில்தான் அது காட்டுகிறது. ஆகவே ஒருமுறை அழுத்திக் கையை எடுத்தால் இதற்கு முன் இருந்த சாளரத்துக்குப் போகலாம், மறுமுறை அழுத்தினால் திரும்பி வரலாம். ஆல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு டேபை அழுத்த அழுத்த, அதற்கும் முந்தையவை ஒவ்வொன்றாக வரும். இது புரிந்தவர் விசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரவுசருக்குள் இருக்கும் பக்கங்களுக்கிடையே மாறக் கன்ட்ரோலும் டேபும் என்பதையும் இதனுடன் சேர்த்தே பழக்குங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

இதைவிடவும் முக்கியமாக நான் நினைப்பது, இரண்டு சாளரங்களை அருகருகே நிறுத்தி வேலை செய்யும் பழக்கம். விண்டோஸ் விசையுடன் இடது அம்பை அழுத்தினால் சாளரம் இடப்பாதியில் நிற்கும். மற்றதை வலப்பாதியில் நிறுத்தலாம். 2009இல் விண்டோஸ் 7 வந்ததிலிருந்து இந்த வசதி இருக்கிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் பக்கத்து வழக்கம் என்பதால், ஒரே வீட்டில் இரண்டு அந்தோணி, இரண்டு முனியசாமி, இரண்டு சீனி முகம்மது இருப்பார்கள். பெயரின் ஆங்கில எழுத்துகளோ ஆதாரில் ஒரு விதமாகவும் ரேஷன் அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் சாளரங்களுக்கிடையே தாவி, நினைவிலிருந்து தட்டச்சு செய்தால் ஓர் எழுத்து மாறிவிடும். அல்லது தாத்தாவின் நகல் பேரனின் விண்ணப்பத்தில் ஏறிவிடும். விண்ணப்பம் திரும்பிவரும்போது, சேர்க்கைக்கான கடைசி நாள் போய்விட்டிருந்தால் அந்தப் பிள்ளையின் இடம் என்னாவது? விண்ணப்பமும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண்ணே சரிபார்த்துவிடும்.

டாஸ்க்பாரில் ஒரே நிரலின் சாளரங்கள் ஒரே படத்துக்குள் அடங்கிக் கிடப்பதும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. அவற்றைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 11 வந்தபோது இந்த வசதி எடுக்கப்பட்டிருந்தது. 2023இல் திரும்ப வந்துவிட்டது.

ஆங்கிலத்தோடு தமிழிலும் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு தொல்லையும் உண்டு. விண்ணப்பத்தில் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு வேறு சாளரத்துக்குப் போனால், அங்கும் தமிழே வந்து, கோப்புக்கு வைக்கும் ஆங்கிலப் பெயர் புரியாத எழுத்துகளாக விழும். விசைப்பலகை அமைப்புகளில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறையை அனுமதிக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் விண்ணப்பச் சாளரம் தமிழிலும் ஃபோல்டர் சாளரம் ஆங்கிலத்திலும் அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பயிற்சி நூல்களில் இதற்கு இடமிருக்காது; நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

ஓ.டி.பி.க்காகக் காத்திருக்கும் விண்ணப்பத்தைத் தனியே நிறுத்திவைக்க, விண்டோஸ் 10 முதல் இருக்கும் கூடுதல் டெஸ்க்டாப் வசதி உதவும். விண்டோஸ், கன்ட்ரோல், டி ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறுமையான புதிய டெஸ்க்டாப் வரும். அடுத்தவருடைய வேலையை அங்கே பார்த்தால் ஒருவருடைய ஆதாரும் வங்கிக் கணக்கு எண்ணும் எதிரில் நிற்கும் இன்னொருவர் கண்ணில் படாது. ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் என்பதால் இதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை. ஆனால், இப்படி நிறுத்திவைத்தாலும் இணையதளம் குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் தானாக வெளியேற்றிவிடும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவரை செய்ததைச் சேமித்துவிட்டு நகரும் பழக்கம் வர வேண்டும்.

கடைசியாகத் தேர்வைப் பற்றி ஒரு வேண்டுகோள். கடிதம் ஒன்று, அட்டவணை ஒன்று என்று தனித்தனியாகச் செய்யச் சொல்வதோடு, ஒரு படிவம், பெயர் ஒத்த இருவருடைய நகல்கள், அளவு குறைக்க வேண்டிய ஒரு புகைப்படம் ஆகியவற்றைக் கொடுத்து, பாதியில் இன்னொருவருடைய வேலையையும் குறுக்கே கொடுங்கள். எதையும் மூடாமல், எதையும் மாற்றி ஏற்றாமல் இரண்டையும் முடிப்பவருக்கு மதிப்பெண் கொடுங்கள். இதற்கு வேண்டிய மாதிரிப் படிவங்களையும், பெயரும் எண்ணும் கற்பனையாக அமைத்த நகல்களையும் நானே தயாரித்துத் தருகிறேன். தடைக்காலக் கூட்டம் தொடங்குவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மாணவர்கள் என் மையத்துக்கு வந்து பழகலாம். கணினிகள் அன்று சும்மாதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்துபவர்,
தங்கச்சிமடம்.