முக்திநாத் வரை புல்லட்டைத் தள்ளிவிட்டவர்களுக்கு

தண்டையார்பேட்டை, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைச் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம்.

நேபாள மலையில் இருக்கிற முக்திநாத் கோயில் வரை புல்லட்டில் போய்விட்டு, வண்டியும் நானும் முழுசாக ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். பார்க்கிறவர்களெல்லாம் "தனியாவா போயிட்டு வந்த?" என்று கேட்கிறீர்கள். ஆளாளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி அப்பாவுக்கு. திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியில் கை கறுக்க உழைத்தவர். வலது கால் கியர் போட்ட பழைய புல்லட்டில் நேபாளம் போகிறேன் என்றதும் வீடே சிரித்தது. நீங்கள் மட்டும், "அந்த என்ஜின்கிட்ட ஸ்பீடு கேக்காத, எங்க வேணா போவும்" என்றீர்கள். நாக்பூர், ஜபல்பூர், காசி என்று வெயிலில் உருட்டிக்கொண்டு போனபோது அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்து ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்த மச்சானுக்கு நன்றி. இந்தியர்களுக்கு நேபாளத்தில் விசா வேண்டாம், ஆனால் வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சுனௌலி எல்லையைத் தாண்டியதும் 'பன்சார்' என்கிற சுங்க அலுவலகம். இத்தனை நாள் வண்டி உள்ளே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். ஆர்.சி.யையும் லைசென்சையும் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள், அனுப்பிவிட்டார்கள்.

வண்ணாரப்பேட்டை மெக்கானிக் அண்ணே, உங்களுக்குத்தான் நிறைய எழுத வேண்டும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மாத்திரை டப்பா ஒன்றைக் கையில் திணித்தீர்கள். உள்ளே, கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் அளவைக் குறைக்கிற சின்னத் துளை வைத்த மெயின் ஜெட் ஒன்று, உப்புத்தாள் துண்டு ஒன்று. "மேல ஏற ஏற காத்து கம்மியாவும், பெட்ரோல் ஜாஸ்தியாவும், வண்டி மூச்சு முட்டும்" என்றீர்கள். காக்பேனியைத் தாண்டி முக்திநாத் ஏற்றத்தில் அதேதான் நடந்தது. கிட்டத்தட்ட 3,700 மீட்டர் உயரம். காற்று கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சைலன்சரில் கறுப்புப் புகை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் பொதபொதவென்று அடங்குகிறது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. ஜோம்சோம் பக்கம் பகல் ஏறினாலே பேய்க்காற்று வேறு. முதுகை அணையாகக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு ஜெட்டை மாற்றினேன். பிளக்கைத் தேய்த்துப் போட்டு, ஏர் ஸ்க்ரூவை நீங்கள் சொன்ன மாதிரி கால் திருப்பு வெளியே எடுத்தேன். விரல் மரத்துப்போய் ஸ்க்ரூடிரைவர் நிற்கவில்லை. உதைத்தேன். பிடித்துக்கொண்டது. 'டுக் டுக்' என்று அது அடித்ததைக் கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

அடுத்தது நம்ம தெருக் கூர்க்கா. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. யாராவது படித்துக் காட்டுங்கள். மாசம் பிறந்தால் வாசலில் வந்து நிற்பார், நாமும் நோட்டை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்துவோம். அவருடைய ஊர் பேனிக்குப் பக்கத்து மலைக் கிராமம். தசைன் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர், "வழியிலதான் என் வீடு, வந்து தங்கு" என்று சொல்லியிருந்தார். நமக்கு ஆயுத பூஜை நடக்கும் அதே நவமியன்று அங்கேயும் வண்டிக்குப் பூஜை. ஹெட்லைட்டுக்குச் செவ்வந்தி மாலை போட்டுக் குங்குமம் வைத்தது அவர் சம்சாரம். மறுநாள் விஜயதசமி. அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்து கூர்க்கா அண்ணனே என் நெற்றியில் அப்பினார். இருட்டில் வளர்த்த மஞ்சள் பார்லி முளையைக் காதுமேல் செருகினார். பெரியவர்கள் சின்னவர்களுக்குப் பணம் கொடுத்து ஆசீர்வதிப்பது அந்த நாளின் வழக்கமாம். என் உள்ளங்கையில் நோட்டை வைத்து மூடினார். மாசாமாசம் நம்மிடம் வாங்குகிற கை அது. எனக்குப் பேச்சு வரவில்லை. அண்ணே, அந்த நோட்டைச் செலவு செய்யவில்லை.

காசிமேட்டு அண்ணனுக்கு நன்றி. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் போட் கரையில் கிடந்தபோது பொறுமையாக உட்கார்ந்து முடிச்சு போடச் சொல்லிக்கொடுத்தீர்கள். பேனிக்கு வடக்கே ரோட்டின் குறுக்கே ஓடை ஓடுகிறது, பாலம் கிடையாது. நடு ஓடையில் இரண்டு கல்லுக்கு இடையே முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. உங்கள் நைலான் கயிற்றை ஃபோர்க்கில் கட்டினேன், அந்தச் சுருக்கு விழாத முடிச்சுதான். லாரி டிரைவரும் கிளீனரும் பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த நாலைந்து பேரும் சேர்ந்து இழுத்தார்கள். யார் பெயரும் தெரியாது. அவர்களுக்கும் இங்கிருந்தே கும்பிடு.

பக்கத்து வீட்டு மாமி, பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருச்சாளக்கிராமம் இந்த முக்திநாத்தானே என்று கேட்டுத் தீர்த்தம் கொண்டுவரச் சொன்னீர்கள். கோயிலின் 108 நீர்த்தாரையிலும் தலையை நீட்டிவிட்டு, கேனில் பிடித்து வந்திருக்கிறேன். ஐஸைவிடக் குளிர்ச்சி, அதுமட்டும் வழியிலேயே போய்விட்டது. மார்ஃபா ஊரின் காய்ந்த ஆப்பிளும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள், எல்லாருக்கும் பங்கு உண்டு.

ஜெட் டப்பாவை மெக்கானிக் அண்ணனிடமே கொடுத்துவிடுகிறேன். அடுத்து மலைக்குப் போகிறவர்கள் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காசிமேட்டு அண்ணே, உங்கள் கயிறு மட்டும் வராது. தார்ப்பாய் கட்ட நல்லா இருக்கு என்று அந்த லாரிக்காரர் ஆசைப்பட்டார், கொடுத்துவிட்டேன். புதுசு வாங்கித் தருகிறேன், திட்டாதீர்கள்.