அல்லுலோஸ் ஆலைக்குப் பணம் போடும் முன்: சர்க்கரை ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கரும்புச் சர்க்கரையிலிருந்து அல்லுலோஸ் என்னும் குறைந்த கலோரி இனிப்பை எடுக்கும் திட்டம் என்றாலே எல்லோரும் முதலில் விசாரிப்பது நொதியின் விலையை. விசாரிக்க வேண்டியது நீராவிச் செலவை.

ஜப்பானின் ககாவா பல்கலைக்கழகத்தில் கென் இசுமோரி குழுவினர் 1990களின் தொடக்கத்தில் சூடோமோனாஸ் பாக்டீரியாவில் கண்ட எபிமரேஸ் நொதியிலிருந்து வளர்ந்த தொழில் இது. கரும்புச் சர்க்கரையைப் பிளந்தால் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கிடைக்கும். இந்த நொதி ஃபிரக்டோஸை அல்லுலோஸாக்கும், அல்லுலோஸைத் திரும்ப ஃபிரக்டோஸாகவும் ஆக்கும். 55–60 டிகிரி செல்சியஸில், 100 கிலோ ஃபிரக்டோஸில் சுமார் 30 கிலோ மாறியதும் சமநிலை வந்துவிடும். நொதியைக் கூட்டினால் அந்த இடத்தை விரைவில் அடையலாம், தாண்ட முடியாது. போரேட் என்னும் போரான் உப்பைச் சேர்த்தால் தாண்டலாம், ஆனால் அது உணவுக்கு ஆகாது.

மிஞ்சும் 70 கிலோவை என்ன செய்வீர்கள்? இரண்டையும் பிரிக்க, கால்சியம் ஏற்றிய ரெசின் மணிகள் நிரப்பிய உயரமான கலன்கள் (பத்திகள்) உண்டு; அவற்றில் ஃபிரக்டோஸ் முன்னே வரும், அல்லுலோஸ் பின்தங்கும். இரண்டுமே நீர்த்துத்தான் வெளிவரும். ஃபிரக்டோஸை மறுபடி சுமார் 50 பிரிக்ஸுக்குச் (எடையில் 50 விழுக்காடு சர்க்கரை) சுண்டவைத்து, நொதி வேலை செய்யும் கலனான ரியாக்டருக்கு அனுப்ப வேண்டும். லாபம் கரைவது இந்தச் சுற்றில்தான்.

எபிமரேஸுக்கு மாங்கனீசோ மக்னீசியமோ தேவை. அது கரைசலோடு ரெசினுக்குள் போனால் கால்சியத்தை வெளியேற்றும், நாளடைவில் பிரிப்பு கெடும். நடுவில் அயனி நீக்கம், அதாவது கரைந்த உலோக உப்புகளை அகற்றுவது, கட்டாயம். மறுபுறம், குளுக்கோஸை ஃபிரக்டோஸாக்கும் ஐசோமரேஸைக் கால்சியம் முடக்கும். சுண்ணாம்பிட்டுத் தெளிவித்த சாற்றிலிருந்து நேரே தொடங்க நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். கோபால்ட் சில எபிமரேஸ்களை நன்கு முடுக்கும் என்று ஆய்வுகள் சொன்னாலும் உணவு ஆலைக்குள் அதை விடாதீர்கள்.

பிஎச் 8-இல் பல நொதிகள் வேகமாக வேலை செய்யும், ஆனால் அதே சூட்டில் கரைசல் பழுப்பேறும். 7-ஐ ஒட்டி இயங்கும் நொதியைத் தேர்ந்தெடுங்கள். வெப்பநிலையை 50-க்குக் கீழே இறக்கினால் ஈஸ்ட் புகும்.

சர்க்கரை காய்ச்சும் வேக்குவம் பேன் இங்கே உதவாது. அல்லுலோஸ் தண்ணீரில் மிக நன்றாகக் கரையும், சூட்டில் நிறம் மாறும். தூய்மையை 95 விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுவந்து, விதைப் படிகம் இட்டு, மெதுவாகக் குளிரவைத்தே படிகமாக்க வேண்டும்.

பிரிக்ஸ் மீட்டருக்கு இரு சர்க்கரையும் ஒன்றே. உங்கள் ஆய்வகத்து போலாரிமீட்டர் கைகொடுக்கும்: ஃபிரக்டோஸ் ஒளியைப் பலமாக இடப்புறம் திருப்பும், அல்லுலோஸ் ஏறத்தாழத் திருப்பவே திருப்பாது. ஆனாலும் விற்பனைச் சரக்குக்கு சர்க்கரைகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் எச்பிஎல்சி சோதனை வேண்டும்.

ஒரு கிலோ அல்லுலோஸுக்கு எத்தனை கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும்? உங்கள் கரைசலையே சிறிய பத்தியில் ஓட்டிப் பார்த்து, அந்த எண்ணை எழுத்தில் தரும்படி இயந்திரம் விற்பவரிடம் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை ரியாக்டருக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நொதித் தொழில்நுட்பம், சர்க்கரைப் பிரிப்புத் துறைப் பொறியாளர்கள்