பரண்மேல் வைத்த கோலப்பொடி

அன்புள்ள காயத்ரிக்கு,

தீபாவளிக்குப் பிறகு உன் போன் இல்லை. புதுப் பொறுப்பில் நேரம் இருக்காது, தெரியும். மலை மந்திர் கோவிலில் பார்த்தவர்களிடமெல்லாம் உன் பதவியைச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அம்மாவிடம் இரண்டு நிமிஷம் பேசியிருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. மதியமே மயூர் விஹார் வீட்டுக்கு வந்துவிட்டோம். சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன். இடது கண் அடுத்த மாதம்.

நீயும் கண்ணைக் காட்டு. சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றாயே, வருஷம் ஒரு தடவை விழித்திரையைப் பார்க்கச் சொல். விழித்திரை மூளையிலிருந்தே வளர்ந்து வந்த பகுதியாம், டாக்டர் சொன்னார். லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு 2024-இல், நாம் சரிசெய்துகொள்ளக்கூடிய, மறதி நோய்க்கு வழிவிடும் காரணங்கள் 14 என்று எழுதியிருக்கிறது. கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவும் அதில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. சியாட்டில் பக்கம் புரையோ கண் அழுத்தமோ இருந்த 3,000 பேருக்கு மேற்பட்டவர்களைப் பல வருஷம் கவனித்தார்கள். எல்லோரும் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். புரை எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த நோய் வருவது சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்ததாம். ஆபரேஷனால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார்.

போன மார்கழியில் அம்மா போட்ட கோலத்தில் இழை புள்ளியைச் சுற்றாமல் புள்ளி மேலேயே ஏறி ஓடியது. ஓரத்தில் இரண்டு புள்ளி தனியாகக் கிடந்தன. ஐம்பது வருஷம் போட்ட கை. எனக்குக் கும்பகோணத்துப் பாட்டியின் கடைசி நாட்கள்தான் கண்முன் வந்தன.

புரையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது காயத்ரி. நான்தான் தள்ளிப்போட்டேன். ரமணி கல்யாணம் முடியட்டும் என்றேன், அப்புறம் வெயில் குறையட்டும் என்றேன். அம்மா பேப்பர் படிப்பதை விட்டாள், கோவிலுக்கு வருவதை விட்டாள். நான் அதற்கு மறதி என்று பெயர் வைத்தேன். கோலப்பொடி டப்பாவைப் பரண்மேல் ஏற்றினேன். லிஃப்டில் எதிர்வீட்டு அம்மாளை அடையாளம் தெரியாமல் நின்றபோது, அவர்கள் முன்னாலேயே "இவளுக்கு எல்லாம் மறந்துபோகிறது" என்றேன். அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

தீபாவளியன்று வீடியோவில் "அப்பா, அம்மாவுக்குக் கண் தெரியவில்லை" என்று நீ சொன்னாய். நான் கத்தினேன். நீ சொன்னதுதான் சரி.

நேற்று அம்மா உன் குட்டியின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "குட்டிக்குப் புருவத்துக்கு மேல் மச்சம் இருக்கிறதே, யாரும் சொல்லவே இல்லையே" என்றாள். பால் கணக்கை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். நினைவாற்றலையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு கண்ணும் ஆறிய பிறகு. டப்பாவை இறக்கிவிட்டேன். குனியக் கூடாது என்பதால் இன்னும் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. குட்டியை ஜன்னல் பக்கம், வெளிச்சத்தில் உட்கார வை. நீ கண்ணைக் காட்டு, மறக்காதே.

அப்பா