பூனைக்கு மூன்று நாள் கெடு: எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சி புளோக் நான்காம் மாடியில் வாடகைக்கு இருப்பவள் எழுதுகிறேன். படிக்கட்டுச் சுவரில் நீங்கள் ஒட்டிய நோட்டிஸைப் பற்றித்தான். யார் புகார் கொடுத்தது, யாருடைய கார் மேல் எந்தப் பூனை ஏறியது என்பதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நோட்டிஸில் இருப்பது மூன்றே வரி. மூன்று நாளில் எல்லாப் பூனைகளையும் அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் பூனை ஒன்றுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், அதற்கும் மசியாவிட்டால் கூண்டு வைத்துப் பிடிக்கப்படும்.

நீங்கள் கொடுத்த மூன்று நாள் முடியும் முன்பே கூண்டு வந்துவிட்டது. கருவாட்டு வாசனைக்குப் போய் மாட்டியது தெருப்பூனை கிடையாது. ஏ புளோக் கீழ்வீட்டுப் பாட்டி வளர்க்கும் பூனை. அதைக் கூண்டோடு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் செம்பனைக் காட்டுக்குள் விட்டு வந்ததாகக் காவலாளியே பாட்டியிடம் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. சொன்ன வேலையைச் செய்திருக்கிறார். சொன்னவர்களிடம் பேசத்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான்: அந்த நோட்டிஸை மீட்டுக்கொள்ளுங்கள். பூனை விஷயத்தைப் பொதுக்கூட்டத்தில் வைத்து, வாடகைக்கு இருப்பவர்களையும் பேச விட்டு, அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

சட்டப்படிதான் செய்தோம் என்று செயலாளர் சொன்னார். அதனால் சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 2013ஆம் ஆண்டு மலேசிய அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளில், மூன்றாம் அட்டவணையின் 14வது துணைவிதி பிராணிகளைப் பற்றியது. மற்றவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடிய, அவர்களுடைய பாதுகாப்புக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்தான, அல்லது மாநில, ஊராட்சி விதிகளை மீறும் பிராணியை வளர்க்கக் கூடாது என்கிறது அது. நீங்கள் சொல்லும் மூன்று நாளும் அந்த விதியில் இருப்பதுதான். ஆனால் அந்த மூன்று நாள், விதியை மீறிய வீட்டுக்காரர் கையில் எழுத்துமூலமான கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டியது. 'எல்லாப் பூனைகளும்' என்று சுவரில் ஒட்டிவிட்டு எண்ணுவதற்கில்லை. எந்த வீட்டுப் பூனை, யாருக்கு, என்ன தொந்தரவு என்று ஒரு வரியாவது வேண்டாமா?

பூனையே கூடாது என்று தனி விதி போட உங்களுக்கு வழி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கூட்டம் கூட்ட வேண்டும். விழுந்த வாக்கில் நான்கில் மூன்று பங்கு ஆதரவாக இருக்க வேண்டும். அபராதம் 200 வெள்ளியைத் தாண்டக் கூடாது. பூனைத் தலைக்கு 200 என்ற கணக்கு எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது என்று தயவுசெய்து சொல்லுங்கள். என் வீட்டுச் சொந்தக்காரருக்கும் தெரியவில்லை. 25,000 வெள்ளிக்கு மலிவு வீடு விற்ற காலத்தில் வாங்கியவர் அவர், இன்றுவரை பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி வைக்காதவர்.

இன்னொன்றும் உண்டு. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றம். அபராதம் 20,000 வெள்ளியில் தொடங்கி 100,000 வரை போகும், மூன்று ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். கைவிட்டால் அரசாங்கம் பிடிக்கும், கைவிடாவிட்டால் நீங்கள் பிடிப்பீர்கள். நாங்கள் எந்தப் பக்கம் போவது?

என் வீட்டில் இருப்பவை இரண்டு பெண் பூனைகள். இரண்டுக்கும் ஈப்போவில் கருத்தடை செய்தாகிவிட்டது. வெளியே விடுவதில்லை, சன்னல் கம்பிக் குரிலுக்கு வலை அடித்திருக்கிறேன். பூனை வளர்க்கிறாளே, பணம் கொழிக்கிறதோ என்று கீழே பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டப்பா உணவெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சந்தை மூடும் நேரத்தில் விலை இறங்கும் செலாயாங் மீனை வாங்கி அவித்துச் சோற்றில் பிசைந்து வைப்பேன். காய்ந்த தீனி, கடையில் கிலோ கணக்கில் நிறுத்துக் கட்டிக்கொடுப்பது. பூனை அசிங்கம் செய்யும் தட்டில் மண்ணுக்குப் பதில் மரத்தூள் உருண்டை, மூட்டையாக வாங்கினால் மலிவு. நான்கு மாடி தூக்கிக்கொண்டு ஏறுவது என் பாடு. அழுக்கானதைப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன், யார் வீட்டு வாசலிலும் கொட்டியதில்லை.

பூனை எதற்கு என்றும் கேட்கிறீர்கள். அம்மாவுக்கு இனிப்புநீர், சர்க்கரை நோய். கால் மரத்துப்போனவர். நான் நைட் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு ராத்திரி எலி அவருடைய கால்விரலைக் கடித்திருக்கிறது, கடித்ததே அவருக்குத் தெரியவில்லை. விடிகாலையில் ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது போர்வையில் ரத்தம். அதற்கப்புறம் வந்தவைதான் இந்த இரண்டும். எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், மருத்துவர்கள் சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகி 2010லிருந்து இருக்கிறது. பூனையைப் பற்றி அப்படி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இதையெல்லாம் சொல்லத்தான் அலுவலகத்துக்கு வந்தேன். செயலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பிடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்கங்கம்மா, வாடகைக்குத்தானே இருக்கீங்க" என்றார்.

சரி, பெரியவர் சொல்கிறாரே என்று பார்க்கத்தான் செய்தேன். சுங்கை சிப்புட்டில் நமக்கு ஏற்ற வாடகையில் வீடு இல்லாமல் இல்லை. விளம்பரம் இருக்கிறது, போன் நம்பரும் இருக்கிறது. போன் போட்டால் வீடு எத்தனை அறை என்று நான் கேட்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து முதல் கேள்வி வந்துவிடும்: "ஓராங் அப்பா?" என்ன இனம் என்று. இந்தியர் என்றதும் வீடு போய்விட்டது என்பார்கள். அடுத்த வாரமும் அதே வீடு அதே படத்தோடு விளம்பரத்தில் இருக்கும். இதில் உங்களுக்குத் தெரியாத புதுக்கதை ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளைகளும் ஷா ஆலாமிலும் பினாங்கிலும் அறை தேடியவர்கள்தானே.

நம்மவர் ஒருவருடைய வீடு கிடைத்தது. நல்ல மனிதர், அம்மாவை உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தார். எல்லாம் பேசி முடித்த பிறகு பூனையைச் சொன்னேன். "சாமி மேடை இருக்கிற வீடும்மா, பூனை ஆகாது" என்று முடித்துக்கொண்டார். இன்னொரு வீட்டின் சொந்தக்காரரான மலாய் அம்மா, மக்சிக்கோ பூனை என்றதும் முகம் மலர்ந்தார். தன்னிடம் இருக்கும் பூனைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். வரும்போது, சாமி படமும் ஊதுபத்தியும் மட்டும் வேண்டாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். சாமிக்கு இடம் கொடுத்த வீட்டில் பூனைக்கு இடமில்லை, பூனைக்கு இடம் கொடுத்த வீட்டில் சாமிக்கு இடமில்லை. அம்மா பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியே ஒரு வீடு அமைந்தாலும் காசுக்கு எங்கே போவது? 450 வெள்ளி வாடகை வீட்டுக்கு இரண்டு மாத முன்பணம் 900, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் 225, முதல் மாத வாடகை 450. கூட்டினால் 1,575. சாமான் ஏற்றும் லாரி தனி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்று பேப்பரில் போடுகிறார்கள். அதில் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்று, சொக்சோ காப்புறுதி, மற்றது எல்லாம் போய்க் கையில் நிற்பது ஏறக்குறைய 1,500. ஒரு மாதம் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் வீடு மாற முடியாது, ஐயா. இங்கே கட்டிய முன்பணம் கைக்கு வருவது அங்கே குடிபோன பிறகு, அதுவும் சுவரில் ஆணி அடித்ததற்குக் கழித்தது போக. 'வேற வீடு பாத்துக்கங்க' என்று சொல்ல செயலாளருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன், நோட்டிஸை மீட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே இருக்கும் முக்கால்வாசிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். வேலை முடிந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் வந்தவர்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில், மாடு செம்பனைக் கன்றைத் தின்றுவிடும் என்று சொல்லி மாட்டையெல்லாம் விற்கச் சொன்னது எங்கள் தோட்ட நிர்வாகம். என் தாத்தா மூன்று மாட்டை விற்றார். அவருக்காவது தோட்டத்து எழுத்தரான கிராணி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் நின்று படித்துச் சொன்னார், மாட்டை விற்கத் தவணையும் கொடுத்தார். இன்று நாற்காலியில் இருப்பவர்கள் எங்களோடு அதே லயத்தில் விளையாடியவர்கள். சுவரில் ஒட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். இப்போது அதே செம்பனைத் தோட்டங்களில் போய்ப் பாருங்கள். எலி குலையைத் தின்கிறது என்று ஆந்தைக்குப் பெட்டி அடித்துக் கம்பத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். லாபம் பார்க்கிற கம்பெனிக்காரனே எலி பிடிக்கும் உயிருக்கு வீடு கட்டிக் கொடுக்கிறான்.

எலி எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? பி புளோக் பின்னால் இருக்கும் குப்பைத் தொட்டியிலிருந்து. மூடி உடைந்து கிடக்கிறது, பெருநாள் காலத்தில் குப்பை வழிந்து லோங்காங் சாக்கடை வரைக்கும் போகிறது. மூன்றாம் மாடிப் படிக்கட்டு விளக்கு எரிவதில்லை, ராத்திரி ஷிப்டுக்குப் போகிற பெண்கள் கைப்பேசி வெளிச்சத்தில் இறங்குகிறோம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்டால், கணக்குப் பார்த்துச் சொல்கிறோம் என்கிறீர்கள். தொட்டி மூடிக்குக் காசில்லை, விளக்குக்குக் காசில்லை, பூனைக் கூண்டு வாங்க மட்டும் எந்தக் கணக்கிலிருந்து காசு வந்தது? மூன்று நாளில் பூனையை அப்புறப்படுத்த முடியும் என்றால், குப்பைத் தொட்டிக்கு எத்தனை நாள் கெடு வைக்கலாம்? நீங்களே ஒரு தேதி சொல்லுங்கள், நோட்டிஸ் அடிக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

புகார் கொடுத்தவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மோட்டார் சீட்டைப் பூனை கீறினால் புதுசாகத் தைக்கக் காசு வேண்டும். பூச்செடி மண்ணில் அசிங்கம் செய்தால் நாற்றம் தாங்க முடியாது, சிறு பிள்ளைகள் விளையாடும் இடம். இதற்கு வழி இருக்கிறது. வீட்டுப் பூனை எது, தெருப்பூனை எது என்று ஒரு நோட்டில் பதியுங்கள். வீட்டுப் பூனை வெளியே அலைந்தால் அந்த வீட்டுக்குத் தனியாகக் கடிதம் கொடுங்கள், அவர்கள் காசு கட்டட்டும். தெருப்பூனைகளைப் பிடித்தால் கருத்தடை செய்து, இடது காது நுனியை அடையாளத்துக்கு வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காட்டில் கொண்டுபோய் விட்டால் அந்த இடத்துக்குக் கருத்தடை செய்யாத வேறு பூனைகள் வந்து குட்டி போடும், அடுத்த வருடமும் இதே நோட்டிஸை நீங்கள் ஒட்ட வேண்டியிருக்கும். கருத்தடைச் செலவுக்கு மாதம் ஐந்து வெள்ளி தர எங்கள் புளோக்கில் ஆள் இருக்கிறார்கள். பூச்செடிப் பக்கத்தைக் கூட்டும் வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் எதிர்வீட்டு மக்சிக்கும் எடுத்துக்கொள்கிறோம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கூட்டத்தில் ஓட்டு இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஓட்டு கேட்கவில்லை. கடைசி வரிசையில் நாலைந்து நாற்காலி போடுங்கள், பேச ஐந்து நிமிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் முறைப்படி ஓட்டுப் போட்டுப் பூனை கூடாது என்று முடிவு செய்தால், அதை எழுத்தில் கொடுங்கள், மாற்று இடம் தேட நியாயமான தவணையும் கொடுங்கள். அதுவரை நோட்டிஸை மீட்டுக்கொண்டு, படிக்கட்டுக்கடியில் இருக்கும் கூண்டையும் எடுத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பாட்டியின் பூனையை எந்த இடத்தில் விட்டார்கள் என்று காவலாளி காட்டுவதற்கு நீங்கள் அனுமதி தந்தால் போதும், தேடிப் போக எங்கள் புளோக் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

பதிலை அதே சுவரில் ஒட்டினால் எல்லோரும் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
சி புளோக், நான்காம் மாடி வாடகைக்காரி
சுங்கை சிப்புட்