வினா கேட்கும் உரிமை

அன்பு மகளுக்கு,

சட்டமன்ற உறுப்பினராக நீ உறுதிமொழி ஏற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அம்மாவும் நானும் மிகுந்த மகிழ்ச்சியில் இருக்கிறோம்.

விளையாட்டுச் செய்தியாளருக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அரசமைப்புச் சட்டமே விடை வைத்திருக்கிறது. மாநிலங்கள் சட்டம் இயற்றக்கூடிய துறைகளைச் சொல்லும் ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில், 33ஆவது பதிவில், விளையாட்டு இடம்பெற்றிருக்கிறது. ஊர்த் திடலைச் சீரமைப்பதும் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரை நியமிப்பதும் கோட்டையில் எடுக்கப்படும் முடிவுகள்தாம். நிருபராக இருந்தபோது நீ கேட்ட கேள்விக்கு அதிகாரி பதில் சொல்லாமலே தொலைபேசியை வைத்துவிடலாம். பேரவையில் அனுமதிக்கப்பட்ட வினாவுக்கோ அமைச்சர் விடையளித்தாக வேண்டும், அது அவைக்குறிப்பிலும் ஏறிவிடும். வாக்கெடுப்பில் கட்சிக் கொறடாவின் ஆணையை மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டம் பதவியைப் பறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வினா கொடுப்பதற்கு அந்தச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. உனக்குக் கிடைத்திருப்பவற்றுள் இதையே பெரியதாக நான் மதிக்கிறேன்.

2016இல் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றதும், தமிழக அரசு அவருக்கு 2 கோடி ரூபாய் அறிவித்தது. முற்றிலும் தகுதியான பரிசு அது. எனினும் பதக்கம் வந்தபின் கொடுக்கும் பணத்தால் அடுத்த பிள்ளைக்குத் திடல் வந்துவிடாது. மாவட்டத் தடகளப் போட்டியில் ஒரு சிறுமியைப் பார்த்ததாகச் சொன்னாயே. இரவு மழையில் சுண்ணாம்புக் கோடு கரைந்துபோன மண் தடத்தில், நுனியில் துணி திணித்த அக்காளின் காலணியோடு ஓடி நான்காவதாக வந்தவள், அதனாலேயே எந்த நாளிதழிலும் பெயர் வராதவள். விளையாட்டு மேம்பாட்டுத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அத்துறைக்கான நிதி ஒதுக்கீடு, விவாதத்துக்கு வரும்போது அவளை மனத்தில் வைத்துப் பேசு. எத்தனை பள்ளிகளில் திடல் இல்லை, எத்தனை உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் காலியாக உள்ளன, ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவானது என்று மாவட்ட வாரியாகக் கேள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும் என்பது இத்தனை ஆண்டு பேட்டி எடுத்த உனக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். விளையாட்டுச் சங்கங்கள் உன்னைத் தலைமைப் பொறுப்புக்கு அழைக்கும், ஏற்காதே. கிரிக்கெட் நிர்வாகச் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த லோதா குழுவின் பரிந்துரையை ஏற்று, அமைச்சர்கள் கிரிக்கெட் வாரியப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தபோது அதை வரவேற்று எழுதியவள் நீ. நான் அமைச்சர் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒரு சங்கத்தின் அணித் தேர்வையும் கணக்கையும் கேள்வி கேட்க வேண்டியவர், அதே சங்கத்தின் மேடையில் மாலை வாங்கிக்கொண்டால் அப்புறம் எந்த வாயால் கேட்பது?

கூட்டத்தொடருக்கு முன் முதல் வினாவை எழுதியதும் எனக்கும் ஒரு படி அனுப்பு. துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை நானும் படித்துக்கொண்டிருக்கிறேன். எண்களை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா