ஒரு நடு மதியமும் ஓர் அறையும் கேட்டு

மதிப்பிற்குரிய ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்களுக்கும், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தாருக்கும் வணக்கம்.

நான் உச்சிப்புளிக்குப் பக்கத்துக் கிராமம். ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். என் அண்ணன் தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் இரண்டு பேர் மனதிலும் ஆறாமல் கிடக்கும் ஒரு காயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் எங்களைப் போல இந்தக் கரையில் நிறைய பேர் இருக்கிறார்கள், வெளியே சொல்லாமல்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். ராத்திரி ஷிஃப்ட், இரண்டு மணி இருக்கும். வரவேண்டிய ஆக்சிஜன் வண்டி வரவில்லை. சிலிண்டர் தீரப் போகிறது என்று மூன்று நாள் முன்பே இண்டென்ட், அதாவது தேவைச் சீட்டு, போட்டிருந்தோம். பெரியவர் ஒருவர், கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை, கடலுக்குப் போனவர். பக்கத்துக் கட்டிலில் முப்பது சொச்சம் வயதுப் பையன், மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தான். "பெரியவருக்குத் தேறாது, எடுத்துப் பையனுக்குப் போடுங்க சிஸ்டர்" என்று போனில் உத்தரவு வந்தது. எடுத்தேன். வால்வைத் திருகும்போது ஆக்சிஜன் ஓட்டத்தைக் காட்டும் ஃப்ளோமீட்டருக்குள் இருந்த குண்டு மெல்ல இறங்கியது. தண்ணிப் பாட்டிலில் குமிழி நின்றது. அவர் கண்ணைத் திறந்து, "தாயி, மகன் வந்துட்டானா?" என்று கேட்டார். மகன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான், உள்ளே விட அனுமதி இல்லை. "வந்துக்கிட்டே இருக்கான் ஐயா" என்றேன். விடிவதற்குள் போய்விட்டார்.

பையன் பிழைத்துக்கொண்டான். அதைச் சொல்லித்தான் எல்லோரும் தேற்றினார்கள். அப்புறம் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், மனஅழுத்தம் குறைய யோகா வகுப்பு வைத்தார்கள். அந்த இண்டென்ட் ஏன் மூன்று நாள் கிடந்தது என்று மட்டும் ஒருவரும் எங்களிடம் வந்து பேசவில்லை. தூக்க மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது. கண் விழித்தால் அந்தக் குமிழி நின்றது முதலில் ஞாபகம் வந்தது.

அடுத்த வருடம் ஒரு நாள் இதை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். திண்ணையில் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் சொல்ல ஆரம்பித்தார். 1987-ல் இலங்கைக்கு அனுப்பிய இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர் அவர். தமிழ் தெரிந்தவர் என்பதால் சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்க நிறுத்தினார்கள். ஒரு நாள் ஒரு அம்மாவின் மகனைப் பிடித்து வைத்தார்கள். "தம்பி, நீயும் தமிழ்ப் பிள்ளைதானே" என்று அந்த அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "விசாரிச்சிட்டு அனுப்பிருவாங்கம்மா, வீட்டுக்குப் போங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பையன் என்ன ஆனான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. முப்பத்தைந்து வருடம் அண்ணியிடம்கூட இதைச் சொன்னதில்லை. நான் என் கதையைச் சொல்லியிருக்காவிட்டால் என்னிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

இதற்கு ஒரு பெயர் உண்டு. ஆங்கிலத்தில் மாரல் இன்ஜுரி (moral injury), தமிழில் அறக்காயம் என்று சொல்லலாம். பாஸ்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990-களில் இதைப் பற்றி எழுதினார். உயிர் போகும் நேரத்தில், அதிகாரத்தில் இருப்பவர் நியாயத்தைக் கைவிட்டால் கீழே இருப்பவன் மனதில் விழும் காயம் என்றார். 2009-ல் அமெரிக்க உளவியலாளர் பிரெட் லிட்ஸும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் அதை விரித்தார்கள்: தப்பென்று தெரிந்ததைத் தானே செய்வது, தடுக்க முடியாமல் போவது, பார்த்துக்கொண்டு நிற்பது, எல்லாமே இதில் வரும். நர்ஸுகளின் நிலையை 1984-லேயே ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க அறவியல் அறிஞர் எழுதிவிட்டார். செய்ய வேண்டியது எதுவென்று தெரிகிறது, நிர்வாகம் செய்ய விடவில்லை, அப்போது வரும் வேதனை அது.

டாக்டர்களிடம் போனால் பெரும்பாலும் இதைப் பயம் என்றோ அலுப்பு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுங்குகிறவருக்கு ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்புக்குப் புரியவைத்தால் குணம் தெரியும். அலுத்துப் போனவருக்கு லீவு கொடுக்கலாம். அண்ணனுக்கு நடுக்கமே கிடையாது. குற்ற உணர்ச்சிதான், வெட்கம்தான். "உங்கள் மேல் தப்பே இல்லை" என்று அவசரப்பட்டுச் சொன்னால் அதோடு வாயை மூடிக்கொள்கிறோம். ஏனென்றால் அதில் கொஞ்சம் எங்கள் கையாலும் நடந்தது. இதை உள்ளேயே வைத்திருப்பவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன்.

லிட்ஸ் குழுவினர் வைத்த சிகிச்சையில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. தான் மதிக்கும் ஒருவரை, மன்னிக்கத் தெரிந்த ஒருவரை, எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்து நடந்ததை முழுவதும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் என்ன பதில் சொல்வார் என்பதையும் தானே சொல்ல வேண்டும். பிறகு, ஈடாக இன்று என்ன செய்ய முடியும் என்று யோசிக்க வேண்டும்.

நமக்கு இது புதிதா என்ன? போரில் ஜெயித்து வந்த ராமனே பிரம்மஹத்தி தோஷம் தீர லிங்கம் வைத்துக் கும்பிட்ட ஊர் என்றுதான் ராமேசுவரத்தின் தலபுராணம் சொல்கிறது. தங்கச்சிமடத்துக் கடற்கரையில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற கத்தோலிக்கச் சனம் இருக்கிறது. அண்ணனும் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்துவிட்டார். "தண்ணி ஊத்துறவன் என்ன செஞ்சேன்னு கேக்கலையே" என்றார். அவருக்கு வேண்டியது கேட்க ஒரு ஆள்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதே ஏர்வாடியில் பிற்பாடு தர்காவில் துவாவும் (பிரார்த்தனையும்) மருந்தும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்ததும் இதே மாவட்டம்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கத் துணிகிறேன்.

மாதம் ஒரு நாள், நடு மதியம், ஓர் அறை கொடுங்கள். ஆஸ்பத்திரி வாடை இல்லாத இடமாக, மண்டபம் பக்கமோ ராமநாதபுரத்திலோ இருந்தால் போதும். பட்டாளத்திலிருந்து வந்தவர்களும் நர்ஸ், டாக்டர், ஆம்புலன்ஸ் டிரைவர், பிணம் கட்டிய தூய்மைப் பணியாளர் எல்லோரும் அங்கே சேர்ந்து உட்கார வேண்டும். இந்தச் சிகிச்சையைப் படித்த உளவியலாளர் ஒருவர் கூட இருக்கட்டும். அங்கே சொல்வது யாருடைய சர்வீஸ் புத்தகத்திலும், பென்ஷன் ஃபைலிலும் ஏறக் கூடாது. இதை எழுத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதுவரை தாங்க முடியாதவர்கள் 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம் என்று அந்தந்த அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மேலே இருந்து உத்தரவு போட்டவர்களில், இண்டென்டைக் கிடப்பில் வைத்தவர்களில் யாராவது ஒருவர், ஒரு நாளாவது, அந்த அறைக்கு வந்து உட்கார வேண்டும். விசாரணைக்காகக் கேட்கவில்லை. "மூன்று நாள் எங்களால் தாமதம் ஆனது" என்று ஒருவர் சொல்லிக் கேட்டால், அந்த வால்வைத் திருகியதில் என் பங்கு எவ்வளவு என்று நானும் சரியாக அளந்துகொள்வேன்.

இந்த மடலை அண்ணனிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். வருவேன் என்று அவர் சொல்லவில்லை. எந்தக் கிழமை வைப்பார்கள் என்று மட்டும் கேட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி,
உச்சிப்புளி வட்டாரம்.