ஆச்சி, உங்களிடம் சொல்லாமல் போனது பற்றி

அன்புள்ள ஆச்சி,

"நான் என்ன செத்தா போயிட்டேன்? கூடப் பிறந்த அக்காவை விட்டுட்டு மதுரையில யாரோ ஒருத்திக்குக் காசு கொடுத்துப் பேசணுமா?" என்று போனில் கேட்டீர்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே வைத்துவிட்டீர்கள். நீங்கள் சொன்ன அந்த 'யாரோ ஒருத்தி' ஒரு மனநல ஆலோசகர். நேரில் வந்தால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன். இங்கே நான் எழுதுவதை நீங்கள் படிப்பது எனக்குத் தெரியும். பங்காளி வீட்டு ஆட்களும் படிக்கிறார்கள். ஆகவே ஒரு விஷயத்தை இதில் தொடமாட்டேன். எது என்று உங்களுக்குப் புரியும்.

சென்னையிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தது, மகள் சிங்கப்பூர் போனது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன பிள்ளையார் நோன்பைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீங்கள் பார்த்தது வேறு, எனக்கு நடந்தது வேறு.

வளவில், நடு முற்றத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அத்தான் இழை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாவில் வைத்த 21 நூலிழைத் திரி எரிய எரிய, ஒவ்வொருவராக வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. எதிரே இருந்த தேக்குத் தூண் தள்ளிப் போவது மாதிரி இருந்தது. மூச்சை உள்ளே இழுக்கிறேன், போகவில்லை. இத்தனை பேர் முன்னால் இப்போது சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நம்பினேன், ஆச்சி. எழுந்து இரண்டாம் கட்டுக்கு ஓடிவிட்டேன்.

நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, பட்டுச் சேலை முந்தானையால் என் முகத்தைத் துடைத்தீர்கள். அத்தனை கூட்டத்தையும் விட்டுவிட்டு எனக்காக வந்தீர்கள். அந்தக் கையை நான் மறக்கவே மாட்டேன். அப்புறம் அதே மூச்சில், "சரி, எந்திரி. சம்பந்தி வீட்டு ஆளுக பாக்குறாக. யாரும் சாகலையே, எதுக்கு இந்த அழுகை?" என்றீர்கள்.

அதையும் நான் மறக்கவில்லை.

மறுவாரம் ஈசிஜி எடுத்தார்கள், தைராய்டும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். ஒன்றுமில்லை என்றது இதயத்துக்கும் தைராய்டுக்கும்தான். அதற்குப் பிறகு நான் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போவதை விட்டேன், சந்தையை விட்டேன், கல்யாண வீடுகளை விட்டேன். திமிர் பிடித்துவிட்டது என்று பேசினார்கள். நீங்கள் மறுத்துப் பேசியதாகக் கேள்விப்படவில்லை.

அந்த மதுரை ஆலோசகர் அம்மாவிடம் முதல் நாள் போனபோது, "கவலைப்படாதீங்க" என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "ஊரு மாறியிருக்கு, தொழில் போயிருக்கு, வீடு காலியாயிருக்கு. இவ்வளவும் சேர்ந்து வந்தா உடம்பு பயப்படத்தானே செய்யும்?" என்றார். யாரும் சாகாவிட்டாலும் இழப்பு இழப்புதான் என்று அவர் சொன்னபோதுதான் நான் வாய்விட்டு அழுதேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில், ஆச்சி.

பிறகு அந்த நோன்பு ராத்திரியை எனக்கு விளக்கினார். ஆபத்து என்று மூளை தப்பாக எடுத்துக்கொண்டால் உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சடிப்பு அதனால் வருவது; மூச்சை வேகவேகமாக இழுப்பதால் விரல் மரத்துப்போகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்கிவிடும். இறங்குவதற்கு முன்னால் நாம் ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்கிறது. நான் ஒவ்வொரு இடமாக விட்டுக்கொண்டே வந்தது அப்படித்தான். இப்போது அதே இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போகிறேன். கூட்டமில்லாத நேரத்தில் கோயில், அப்புறம் சந்தையின் ஓரம். எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பது நான்தான். அவர் அவசரப்படுத்துவதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கே போய்விடவா என்று கேட்டேன். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "அங்கே எதை விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை வாரக்கணக்கில் யோசித்தேன். முடிவு என்னுடையது: இங்கேயே இருக்கிறேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அழுவீர்கள், நான் உங்களைத் தேற்ற வேண்டும். பொழுது சாய்வதற்குள் தேவகோட்டைக்குச் செய்தி போய்விடும். அவரிடம் சொன்னது அவரிடமே நிற்கும். உயிருக்கு ஆபத்து என்கிற மாதிரி நிலை வந்தாலொழிய வெளியே சொல்லமாட்டேன் என்று முதல் நாளே சொன்னார். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டத்திலும் இந்த ரகசியம் உரிமையாகவே இருக்கிறது. மறைத்ததற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லியிருந்தால் போக விட்டிருப்பீர்களா?

"ஏர்வாடிக்குக் கொண்டுபோற கேஸா நீ?" என்றும் கேட்டீர்கள். அதுதான் ரொம்ப வலித்தது. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக்கிடந்தவர்கள் 28 பேர் தீயில் போனார்கள். அந்தச் செய்தி நம் பக்கத்து ஆட்களின் மனதில் எப்படித் தங்கிவிட்டது என்று எனக்குத் தெரியும். மனசு என்றாலே உங்களுக்குச் சங்கிலிதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான் ஆச்சி, ஏசுவதற்கான பெயர் இல்லை. நான் போகிற இடத்தில் இரண்டு நாற்காலியும் ஒரு ஜன்னலும்தான் இருக்கின்றன. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது மதுரை வரை போக முடியாதென்றால், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். காசில்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

ஒன்று கேட்கட்டுமா? அத்தான் மலேசியாவில் இருந்த வருஷங்களில், அவ்வளவு பெரிய வீட்டில் ராத்திரியெல்லாம் விளக்கை எரியவிட்டு முகப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். விடுமுறைக்கு வந்த நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நீங்கள் தனியாகத் தாங்கிக்கொண்டீர்கள். அதற்காக நானும் அப்படியே தாங்க வேண்டும் என்பது நியாயமில்லை.

அத்தானின் எழுபது வயது பீமரத சாந்திக்கு வருவேன். முகப்புப் பக்கமாக உட்கார்ந்துகொள்வேன். நடுவில் எழுந்து போனால் பின்னால் யாரையும் அனுப்பாதீர்கள், நீங்களும் வராதீர்கள். நானே திரும்பி வந்துவிடுவேன். மனகோலமும் மாவுருண்டையும் என் பொறுப்பு. வியாழக்கிழமை மட்டும் பலகார வேலை வைக்க வேண்டாம், எனக்கு மதுரை போக வேண்டும்.

உங்கள் தங்கச்சி